ஏற்கும் கை

சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் செருப்புக்குள் கல் புகுந்ததுபோல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். சில மாதங்களுக்கு முன் ஓர் அரசாங்கப் படிவத்தைப் படிக்க நேர்ந்தது. அதில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பிரிவு இருந்தது. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லும் நிலைக்கு யாரோ செய்துவைத்த தமிழ் அது. பத்திரிகைகளில் 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். முதற்சொல் முழுப் பொய். இரண்டாவது பாதிப் பொய்.

ஏன் பொய் என்கிறேன்? அந்தக் குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் இல்லாமல் போகவில்லை; அளவுக்கு மீறி இருக்கிறது. மிக்ஸி ஓடினால் நமக்கு மிக்ஸி ஓடுகிறது, அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்த பேச்சை இன்னும் கொஞ்சம் உரத்துப் பேசுகிறோம். அவர்களுக்கோ அந்த ஓசை மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. குழாய் விளக்கின் சிமிட்டல், சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சிறு துணி, தாளிப்பின் நெடி, திடீரென்று தோளைத் தொடும் ஒரு கை என்று நாம் வடிகட்டித் தள்ளிவிடுவதெல்லாம் வடிகட்டாமல் அவர்கள்மேல் வந்து கொட்டுகிறது. வேறு சிலருக்கு நேர் எதிராகச் சூடும் வலியும்கூடச் சரியாக உறைப்பதில்லை. பேச்சு தாமதமாக வரும்; சிலருக்கு வராமலே போகும். நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கவேண்டும் என்ற வேட்கை மட்டும் பலரிடம் பொதுவாக இருக்கும். மற்றபடி ஒரு குழந்தையைப்போல் மற்றொன்று இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்த நிலை உடையவர். அப்படியென்றால் நம் தெருவிலும் ஒருவர் இருக்கவேண்டும். ஏன் கண்ணில் படுவதில்லை என்று நீங்கள் கேட்டால், அவர்களை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வாலாஜாபாத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் குடும்பம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பாலாற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. கும்பெனிக் காலத்தில் பட்டாளம் தங்கிய இடம். நவாபும் போனார், பட்டாளமும் போயிற்று; சுற்றுவட்டாரத்தில் தறிச் சத்தம் மட்டும் இன்னும் முழுக்க ஓயவில்லை. காஞ்சிப் பட்டு என்று கல்யாண வீட்டில் பெருமையோடு பிரித்துப் பார்க்கும் சேலைகளில் பல இப்படிப்பட்ட ஊர்களின் தறிக்குழிகளில் பிறந்தவைதாம்.

அந்த வீட்டில் கணவன், மனைவி, கணவனின் தாய், பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன். பையன் பேசுவது மிகக் குறைவு. பேசினாலும் நாம் கேட்டதையே திருப்பிச் சொல்வான். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா?" என்பான். காலியான தார்க்குச்சிகளை வாசல் திண்ணையில் ஓரம் பிசகாமல் அடுக்குவான். யாராவது ஒன்றைத் தொட்டு நகர்த்திவிட்டால் தெருவே கூடும்படி அலறுவான். ஆடி மாதத்துத் தவிலுக்கும் அதிர்வேட்டுக்கும் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொள்கிறவன், அப்பாவின் தறி ஓடும்போது மட்டும் பக்கத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வான். தறி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுமே தவிர, குரலை மாற்றிக்கொள்ளாது அல்லவா?

பிள்ளை இப்படி இருப்பது ஏன்? ஊர் வாய் சும்மா இருக்குமா? கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தவில்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்தே கெடுத்தாள். பாவும் தறியுமே கதி என்று கிடந்து பிள்ளையோடு பேசாமல் இருந்துவிட்டாள். கவனித்தீர்களா? சொல்லும் காரணம் நான்கானாலும் குற்றவாளி ஒருத்திதான்.

படிப்பறிவில்லாத சனங்கள் என்று உதட்டைப் பிதுக்குவதற்குமுன் படித்தவர்கள் செய்ததையும் பார்த்துவிடுவோம். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்த நிலைக்கு வைத்திய உலகில் ஒரு தனி இடம் கிடைத்தது அதிலிருந்துதான். அவரே பெற்றோரின் பாசக் குளிர்ச்சியைப் பற்றியும் எழுதிவைத்தார். வேறு சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிகாகோவில் ஒரு பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அன்பற்ற தாய் மனசுக்குள் 'நீ பிறக்காமல் இருந்திருக்கலாமே' என்று எண்ணுவதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்குகிறது என்பது அவர் கட்சி. 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பட்டப்பெயரும் வழங்கியது. நம் கிழவிகள் கிரகணத்தைச் சொன்னார்கள். சிகாகோவில் ஆழ்மனத்தைச் சொன்னார்கள். கூண்டில் நின்றவள் இங்கும் அவளே, அங்கும் அவளே.

இதை எதிர்த்து முதலில் வலுவாக எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியல் படித்தவர்; இப்படிப்பட்ட ஒரு மகனுக்குத் தகப்பனார். தாயின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது உடலோடு பிறந்த விஷயம் என்று 1964-லேயே ஒரு நூல் எழுதினார். 1977-ல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் பரம்பரைக் கூறுகளின் பங்கைக் காட்டினார்கள். கருவிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்கிறது, அதற்கு ஒரே ஒரு காரணம் கிடையாது என்பதுதான் இன்றைய முடிவு. இருந்தும் மனிதனுக்குக் குற்றவாளி இல்லாமல் தூக்கம் வருகிறதா? 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் பன்னிரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மைக்காகப் போடும் தடுப்பூசியின்மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். 2010-ல் பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோயிற்று. ஆனால் வாலாஜாபாத்தில் அந்தப் பையனின் அத்தை ஒருத்தி இன்றைக்கும் ஊசியைத்தான் சொல்கிறாள். கட்டுரை அங்கே வந்து சேர்ந்தது. திரும்பப் பெற்ற செய்தி வந்து சேரவில்லை.

இத்தனை வழக்கையும் கேட்டுக் களைத்துப்போயிருந்த அந்தத் தாயிடம் ஒரு டாக்டர், "இவன் இப்படித்தான், ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினாராம். அவள் என்னிடம் கேட்டாள்:

"ஏத்துக்கோ ஏத்துக்கோன்றாங்கண்ணே. புள்ளையத்தான் பொறந்த அன்னிக்கே ஏத்துக்கினேனே! இன்னும் எத ஏத்துக்கணுமாம்?"

நல்ல கேள்வி. தத்துவப் புத்தகங்களில் வரவேண்டிய கேள்வி. அவள் ஏற்கவேண்டியது இந்தப் பையனை அல்ல. இவன் வயிற்றில் இருந்தபோது அவள் மனசில் வளர்ந்தானே வேறு ஒரு பையன், பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், "அம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்தவன், அவன் வரமாட்டான் என்பதை ஏற்கவேண்டும். ஜிம் சின்க்ளேர் என்பவர், தாமே ஆட்டிசம் உடையவர், 1993-ல் டொரண்டோ நகரில் கூடிய ஒரு மாநாட்டில் பெற்றோர்களுக்கு இதைத்தான் தம் முறையில் எடுத்துச் சொன்னார். வராத பிள்ளைக்காக அழவேண்டுமானால் அழுதுகொள்ளுங்கள், ஆனால் வந்திருக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அழாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கடுமையான பேச்சுதான். என்றாலும் அழப்படுகிறவன் எழுந்து நின்று சொன்ன பேச்சு அல்லவா? அதற்கு ஒரு தனி அதிகாரம் உண்டு.

புரிந்துகொண்டால் ஏற்றுக்கொள்வது தானாக வந்துவிடும் என்று நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். அந்த வீட்டுக்குப் போய் வந்தபின் எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது.

பையனுடைய தாய்மாமன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறார். இந்த விஷயத்தில் வந்ததையெல்லாம் படித்திருக்கிறார். டாக்டரோடு டாக்டராக உட்கார்ந்து பேசுவார். ஆனால் தம் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது, "கூட்டம், மேளம், விளக்கு எல்லாம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, நீ மட்டும் வந்துவிட்டுப் போ" என்று அக்காளுக்குச் சொல்லி அனுப்பினார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கூட்டம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாதுதான். அறிவைக்கூட ஒரு நாகரிகமான திரைச்சீலையாகத் தொங்கவிட முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். விசேஷத்துக்கு முந்தின நாள் வீடு அமைதியாக இருக்கும்போது ஒரு மணி நேரம் அழைத்திருக்கலாம் என்ற யோசனை அவ்வளவு படித்தவருக்குத் தோன்றவில்லை. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய வைத்தியம் ஒன்றையும் அனுப்பிவைப்பார். ஒருமுறை பத்தியம், ஒருமுறை மாத்திரை, ஒருமுறை ஏதோ பிராணவாயுக் கூண்டு. ஆட்டிசத்தை அழித்துவிடுவதாகச் சொல்லும் மருந்து எதுவும் இதுவரை நிரூபணம் ஆகவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பாட்டியைப் பாருங்கள். கிரகணக் கதையைக் கட்டி மருமகளை அழவைத்தவளே இந்தப் பாட்டிதான். ஆனால் தினம் காலையில் அதே நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில், அதே தூணடியில், ஆறின பாலை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். ஏன் அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பார்த்தா குடிக்கமாட்டான் சாமி. கோழி மேயறப்ப நாம மொகத்தையே பார்த்துக்கினு இருப்போமா?"

கண்ணோடு கண் பார்ப்பது இவர்களில் பலருக்குத் தாங்காது என்று ஆராய்ச்சிகள் எழுதியிருப்பதை அவள் படிக்கவில்லை. காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். பையனைச் சரியாக ஏற்றுக்கொண்டாள். மாமன் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார். பையன் அவர் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

பாட்டிக்கே பரிசு கொடுத்துவிட்டுப் போய்விடலாமா? அதுவும் முடியாது. "இவன் தாத்தா அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு, இவனும் பேசுவான்" என்று அவள் அடித்துச் சொன்னதால்தான் இரண்டு வருஷம் யாரிடமும் காட்டாமல் போயிற்று. இரண்டு மூன்று வயதிலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம் என்று டாக்டர்கள் வற்புறுத்துகிறார்கள். ஏற்றுக்கொள்வது என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. இப்போது பையன் படங்களைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். டம்ளர் படம் காட்டினால் தண்ணீர். செருப்புப் படம் காட்டினால் வெளியே போகவேண்டும். அலறலில் பாதி அதோடு நின்றுவிட்டது. தாகத்தைச் சொல்ல வழியில்லாதவன் அலறாமல் என்ன செய்வான்? தகப்பனார் நீச்சலும் கற்றுக்கொடுத்து வருகிறார். குளமும் கிணறும், தென்னேரி போன்ற பெரிய ஏரியும் உள்ள வட்டாரம். இப்படிப்பட்ட பிள்ளைகள் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவதும், தண்ணீரைக் கண்டால் இழுக்கப்படுவதும் பெற்றோர் எல்லாரும் அறிந்த பயம்.

பையனுக்கு என்ன தனித் திறமை இருக்கிறது என்று என்னிடம் பலர் விசாரிப்பதுண்டு. 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் இதே விசாரணை. நூறு வருஷத்துக் கிழமைகளை ஒப்பிக்கிறானா, கேட்ட ராகத்தை அப்படியே வாசிக்கிறானா? அப்படிச் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அப்படி இல்லை. ஆனால் இந்தக் கேள்வியே எனக்குக் கூசுகிறது. நம் வீட்டுச் சாதாரணப் பிள்ளையிடம் யாரும் இந்தச் சுங்கத்தை வசூலிப்பதில்லை. அவன் கணக்கில் முப்பத்தைந்து வாங்கினாலும் பந்தியில் இலை போடுகிறோம். இவன் மட்டும் உட்காருவதற்கு ஓர் அதிசயத்தைக் காட்டவேண்டுமா?

கானர் எழுதிய பதினொருவரில் முதலாமவரின் கதையை இங்கே சொல்லவேண்டும். டொனால்ட் டிரிப்லெட் என்று பெயர். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் 1933-ல் பிறந்தவர். நான்கு வயது நிறைவதற்குள் டாக்டர்கள் பேச்சைக் கேட்டு அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு, 1938-ல், பெற்றோர் மனம் கேளாமல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தகப்பனார் பிள்ளையின் நடத்தையை 33 பக்கக் கடிதமாக எழுதிக் கானரிடம் கொண்டுபோனார். பிறகு கொஞ்ச காலம் ஒரு குடியானவத் தம்பதியின் வீட்டில் பையன் வளர்ந்தான். எதையாவது அளந்துகொண்டே இருக்கும் பித்து அவனுக்கு. குடியானவர் அதைக் கண்டிக்கவில்லை. கிணறு வெட்டும்போது ஆழத்தை அளக்கச் சொன்னார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுகிறான் என்று கண்டார். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார். அந்தக் குடியானவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது.

டொனால்ட் பிற்பாடு ஊர்ப் பள்ளியில் படித்தார், 1958-ல் கல்லூரிப் பட்டம் பெற்றார், ஊர் பாங்கில் வேலை பார்த்தார், காரோட்டினார், தனியாகவே உலகம் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார். ஊரார் அவரை ஒரு விசித்திரப் பேர்வழி என்று எண்ணினார்களே தவிர வேற்றாளாக நினைக்கவில்லை. அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர்களிடம், அவர் மனம் நோக ஏதாவது செய்தீர்களானால் சும்மா விடமாட்டோம் என்று எச்சரித்து அனுப்பியவர்களும் உண்டாம்.

இதைக் கேட்டு உருகிவிடுவதற்குமுன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாங்கு அவருடைய தாய்வழிக் குடும்பத்துக்கு உரியது. அவர் வெள்ளையர். அதே மிசிசிப்பியில் அதே வருஷத்தில் இப்படியே பிறந்த ஒரு கறுப்பினப் பையனின் பெயர் நமக்குத் தெரியாது.

வாலாஜாபாத் நெசவாளிக்கு பாங்கு இல்லை; கூலித் தறி இருக்கிறது. கோர்வைப் பட்டு நெய்யக் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அதில் சிறுபிள்ளைகளைத்தான் உட்காரவைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் "மற்றப் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது" என்று பையனைத் திருப்பி அனுப்பியபோது, "பேசாமல் கரைக்கு உட்காரவை, சொன்னதையே செய்வான்" என்று யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். தகப்பனார் மறுத்துவிட்டார். "தறிகிட்ட அவன் கண்ண மூடிக்கினு உக்காந்திருக்கிறது ஒண்ணுதாங்க அவனுக்கு நிம்மதி. அதையும் வேலையாக்கிட்டா?" என்றார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. டில்லியில் மேரி பரூவா என்ற தாயார் தம் மகனுக்காகத் தேடத் தொடங்கியதன் பலனாக 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' ஏற்பட்டது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இதுவும் ஒன்று. உரிய அளவு குறைபாடு உண்டென்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயதிலிருந்து 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்காக மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. அங்கே போய்வர அந்தக் குடும்பம் பஸ் மாறி மாறிப் போகவேண்டும். தறி ஒரு நாள் நிற்கும். சட்டப் புத்தகத்தில் அந்த ஒரு நாள் கூலிக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

'ஏற்றல்' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இரந்து பெறுவது என்றும் பொருள் உண்டு. கொடுக்கிறவன் கை மேலே. ஏற்கிறவன் கை கீழே. நாமோ இந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் கையை மேலே வைத்துக்கொண்டே பேசுகிறோம், ஏதோ தருமம் செய்வதுபோல. பாட்டி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் கை கீழே இருக்கிறது. அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிறாள்.

ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் டீக்கடை முனையில் பையன் தரையில் விழுந்து புரண்டான். இது நடந்தது அவன் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். மறுநாளும் அப்படியே. பிடிவாதம், நாலு வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் அக்காள்தான் கண்டுபிடித்தாள். அவன் தினமும் கடை பெஞ்சின் மூலையைத் தொட்டுவிட்டுத்தான் தாண்டுவான். கால்வாய் வெட்டினதால் கடைக்காரர் பெஞ்சை எதிர்ப்பக்கம் போட்டிருந்தார். அந்த வயதில் அந்தக் கண் யாருக்கு வரும்? "எங்களுக்கு அப்புறம் நான் இருக்கேன்ல" என்று தம்பியைக் காட்டி அவள் பெரிய மனுஷிபோல் சொன்னபோது தாய் அதட்டினாள். "நீ படி. அவன உன் தலையில கட்டறதுக்கு நான் பெக்கல." பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம், கலெக்டர் இருக்கும் குழு அதைச் செய்யும். காப்பாளர் கையெழுத்துப் போடுவார். தெருவில் அவனோடு நடப்பது யார்?

அதற்கு அந்தத் தாய் ஒரு வழி தொடங்கியிருக்கிறாள். சாயங்காலங்களில் மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். "அவன் வந்தா கேட்ட மூணு தடவ தொடுவான், வையாதீங்க. தனியா ஏரிப் பக்கம் போறதப் பார்த்தா கூப்பிடாதீங்க, கூப்பிட்டா ஓடுவான். பின்னாலயே போங்க, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க." பதினேழு வீடு முடிந்திருக்கிறது என்றாள். மூலை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். இன்னொரு நாள் போகவேண்டும் என்றாள். டீக்கடைக்காரர் கால்வாயின்மேல் இரண்டு பலகையைப் போட்டுப் பெஞ்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். வெயில் நேராக அடிக்கிறது, பெரியவர்கள் யாரும் அதில் உட்காருவதில்லை.